முதலில் எதை வாங்குவது? மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

டாக்டர் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். பெருமூளை வாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், காது கேளாமை, ஏதோ ஒன்று. வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துத் தேட ஆரம்பிப்போம். அதற்கப்புறம் விளம்பரங்கள் விடாது: இந்த நாற்காலி, அந்தப் பொம்மை, இன்ன ஆப், இன்ன சொட்டு மருந்து. பயந்துபோன பெற்றோர் எதையும் வாங்குவார்கள் என்பது விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

புதிதாக இந்த வழிக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொருட்கள் நிறைய இருக்கின்றன, இலவச உதவிகளும் இருக்கின்றன. எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம்.

1. ஒரு வாரம் எதுவும் வாங்காதீர்கள்

ஒரு நோட்டு போதும். காலையில் எழுந்ததிலிருந்து இரவு தூங்கும்வரை எந்த வேலையில் குழந்தை திணறுகிறது, எந்த வேலையில் உங்கள் இடுப்பு விட்டுப்போகிறது என்று எழுதி வாருங்கள். 'நடக்கவில்லை', 'பேசவில்லை' என்று மொத்தமாக எழுதினால் அதற்கு எந்தக் கடையிலும் பொருள் கிடையாது. 'குளிப்பாட்டும்போது ஒரு கை தலையைத் தாங்கவே சரியாகிவிடுகிறது' என்று எழுதினால் அதற்குப் பொருள் உண்டு: சாய்வான குளியல் இருக்கை. 'ஸ்பூனைப் பிடிக்கிறது, ஆனால் தட்டு நகர்ந்துவிடுகிறது' என்றால் தட்டுக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று போதும்.

வார முடிவில் இரண்டே இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று, குழந்தை தானே செய்யத் துடிக்கிற காரியம். இன்னொன்று, தூக்கிச் சுமப்பவரின் உடம்பைக் காப்பாற்றுகிற காரியம். இந்த இரண்டாவதைப் பெரும்பாலான அம்மாக்கள் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. சேருங்கள். குழந்தையின் எடை வருஷா வருஷம் கூடும், உங்கள் முதுகின் பலம் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2016ல் மிக அவசியமான 50 உதவிப் பொருட்களின் பட்டியலை வெளியிட்டது. வீல்சேர், காது மெஷினோடு கைப்பிடிக் கம்பி, உருப்பெருக்கிக் கண்ணாடி, படம் ஒட்டிய பேச்சுப் பலகை, மாத்திரைப் பெட்டி எல்லாம் அதில் இருக்கின்றன. உதவிப் பொருள் என்றால் பேட்டரியும் திரையும் இருந்தாக வேண்டும் என்ற நினைப்பு அந்தப் பட்டியலைப் பார்த்தாலே போய்விடும்.

2. ஒரு ஃபைல் போடுங்கள்

மருத்துவ அறிக்கைகள், பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள், அரசு தரும் மாற்றுத்திறன் சான்றிதழ் எல்லாம் தேதி வரிசையில் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் படம் பிடித்துப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் ஒரே தாளில் சுருக்கம்: குழந்தையின் நிலை, மருந்துகள், ஒவ்வாமை, எதைக் கண்டால் பயப்படும், எப்படிச் சமாதானம் ஆகும், பசியை எப்படிக் காட்டும். புது ஆசிரியர், புது டாக்டர், ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள வரும் உறவினர் என்று யாருக்கும் அந்தத் தாளை அப்படியே கொடுக்கலாம். ஒரே கதையை நூறு பேரிடம் சொல்லும் களைப்பு மிச்சம்.

வீடியோவும் முக்கியம். குழந்தை உட்காரும் விதம், சாப்பிடும் விதம், புதிதாகத் தெரிகிற விசித்திர அசைவு எதையும் எடுத்து வையுங்கள். டாக்டரின் அறையில் குழந்தை அதைச் செய்து காட்டாது. வலிப்பு வரும் குழந்தை என்றால் முதலில் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு மணியைப் பாருங்கள், வீடியோ எடுப்பது அப்புறம். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. 5 நிமிடத்தைத் தாண்டினால் அவசர உதவியைக் கூப்பிட வேண்டும்.

3. யாரிடம் எதைக் கேட்பது

கை, கால், நடை, தசை இறுக்கம் என்றால் பிசியோதெரபிஸ்ட். சாப்பிடுவது, உடுத்துவது, எழுதுவது, சத்தம், தொடுகை பற்றிய சிரமங்களுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் ஸ்பீச் தெரபிஸ்ட். விழுங்குவதும் அவர் துறைதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காதுக்கு ஆடியாலஜிஸ்ட். கை காலைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர், ஸ்பிளின்ட் செய்து தருகிறவர் தனி.

ஒருவர் ஒரு பொருளைப் பரிந்துரைத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த வேலைக்கு? வாங்கும் முன் இரவல் வாங்கிப் பார்க்க முடியுமா? எவ்வளவு நாளில் சின்னதாகிவிடும்? பரிந்துரைப்பவரே விற்பவராகவும் இருந்தால், இன்னொருவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

4. உட்காரும் இடத்துக்குத்தான் முதல் காசு

உடம்பு அசைவில் சிரமம் உள்ள குழந்தைக்கு நான் முதலில் சொல்வது நல்ல இருக்கைதான். இடுப்பு நிலையாக இல்லாவிட்டால் தலை நிற்காது. தலை நிற்காவிட்டால் கண் ஓரிடத்தில் பதியாது, கை நீளாது, விழுங்குவதும் சரியாக நடக்காது. பொம்மையும் ஆப்பும் வாங்கிக் குவித்துவிட்டு, 'கவனமே இல்லை' என்று வருத்தப்படும் வீடுகளில் பிரச்சினை பல நேரம் நாற்காலியில் இருக்கிறது.

அளவு பார்ப்பது கடினமில்லை. குழந்தை பின்னால் ஒட்டி உட்கார்ந்தபின் இடுப்பின் இருபுறமும் பெரிய இடைவெளி இருக்கக் கூடாது. முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் முன் விளிம்புக்கும் நடுவே 3 முதல் 6 செ.மீ. இடைவெளி வேண்டும். பாதம் முழுவதும் பலகையில் பதிய வேண்டும். பெல்ட் வயிற்றை அழுத்தாமல் இடுப்புக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் சாய்வாக இறங்க வேண்டும். வளருகிற பிள்ளை என்று சட்டையை இரண்டு சைஸ் பெரிதாக எடுப்பது மாதிரி வீல்சேரை எடுத்தால் குழந்தை ஒரு பக்கமாகச் சரிந்தே வளரும், முதுகெலும்பும் கூடவே வளையும். அகலத்தையும் நீளத்தையும் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய மாடல்கள் இருக்கின்றன, அவற்றைக் கேளுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியதும் உண்டு. மூலையில் இரு சுவர் சேர்வது போன்ற முதுகுள்ள மூலை இருக்கையைத் தச்சர் செய்து தருவார். பழைய அட்டை, காகிதம், பசை கொண்டு கெட்டியான இருக்கையும் நிற்கும் சட்டகமும் செய்யும் முறை ஒன்று ஜிம்பாப்வேயில் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவியது. அளவெடுக்கத் தெரபிஸ்ட் ஒருவர் உடன் இருந்தால் போதும். குழந்தை வளர்ந்ததும் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

எந்த இருக்கையானாலும் ஒரே நிலையில் மணிக்கணக்கில் விடாதீர்கள். அரை மணிக்கு ஒரு முறையாவது உடம்பைச் சாய்த்து, எடையை மாற்றிவிடுங்கள். உணர்ச்சி குறைந்த குழந்தைகளுக்குப் படுக்கைப்புண் சத்தமில்லாமல் வரும். தினமும் குளிக்கும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். காலிப்பர், ஸ்பிளின்ட் போடும் குழந்தைக்கும் இதே விதிதான்: சுருக்கமில்லாத காலுறை மேல் மாட்டவும், கழற்றியபின் தோலில் சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் செய்தவரிடமே எடுத்துப்போய்ச் சரிசெய்யவும். 'பழகப் பழகச் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

5. சாப்பாடு, குளியல், உடை

படுக்க வைத்து ஊட்டக் கூடாது. நிமிர்ந்த முதுகு, லேசாகக் கீழிறங்கிய தாடை, எதிரே அதே உயரத்தில் நீங்கள். நின்றுகொண்டு மேலிருந்து ஊட்டினால் குழந்தை தலையை அண்ணாந்துவிடும், உணவு மூச்சுக்குழாய்க்குப் போகும் ஆபத்து அதில்தான் அதிகம். மூக்குப் படும் இடத்தில் வெட்டிவிட்ட கப் இருந்தால் தலையைச் சாய்க்காமலே குடிக்கலாம். மெல்லிய பிளாஸ்டிக் கப்பில் கத்தரிக்கோலால் நீங்களே வெட்டி, விளிம்பை வழவழப்பாக்கிக்கொள்ளலாம். தடித்த கைப்பிடி ஸ்பூன், ஒரு பக்கம் உயர்ந்த விளிம்புள்ள தட்டு இரண்டும் தானே சாப்பிடக் கற்கும் குழந்தைக்கு நிஜமாகவே உதவுகிறவை.

சாப்பிடும்போது அடிக்கடி இருமல், சாப்பிட்டபின் குரலில் கரகரப்பு, திரும்பத் திரும்பச் சளிக் காய்ச்சல் இருந்தால் ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். உணவும் பானமும் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்கு 0 முதல் 7 வரை நிலைகள் கொண்ட உலகப் பொது அளவுமுறை ஒன்று உண்டு. உங்கள் குழந்தைக்கு எந்த நிலை என்று எண்ணைக் கேட்டு ஃபைலில் எழுதி வைத்தால் மருத்துவமனையிலும் பள்ளியிலும் குழப்பம் வராது.

குளியலறையில் சாய்வு இருக்கை, சுவரில் கம்பி, தரையில் வழுக்காத விரிப்பு. உடையில் பட்டனுக்குப் பதில் ஒட்டும் பட்டை. இதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை.

6. பேசும் வழியைத் திறந்துவிடுங்கள்

பேசாத குழந்தைக்கு, படத்தைத் தொட்டுச் சொல்ல வந்ததைச் சொல்லும் படப் பலகை கொடுத்தால் சோம்பேறியாகிப் பேச்சே வராமல் போய்விடும் என்று பாட்டியும் சொல்வார், படித்தவர்களும் சொல்வார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 2006ல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பில், நம்பத்தக்க சான்று உள்ளவர்களில் ஒருவருக்குக்கூட இதனால் பேச்சு குறையவில்லை, பத்தில் ஒன்பது பேருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. எனவே 'இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்' என்று காத்திருக்க வேண்டியதில்லை.

பலகையில் முதலில் எதை வைப்பது? பெரும்பாலோர் பழம், பந்து, வண்டி என்று பொருட்களின் படங்களாக ஒட்டுவார்கள். அப்படிச் செய்தால் குழந்தைக்குக் கேட்டு வாங்க மட்டும்தான் வரும். 'வேணும்', 'வேண்டாம்', 'இன்னும்', 'போதும்', 'வா', 'போ', 'உதவி', 'வலிக்குது', 'பிடிக்கல', 'நான்', 'நீ' போன்ற சொற்களை வையுங்கள். விளையாட்டு, சாப்பாடு, சண்டை எல்லாவற்றுக்கும் இவை பொருந்தும். 'வேண்டாம்' கட்டாயம் இருக்க வேண்டும். மறுக்க ஒரு சொல் கிடைத்ததும் கடிப்பதும் அடிப்பதும் குறைகிற குழந்தைகள் உண்டு.

பலகையைக் கொடுத்துவிட்டு 'தொட்டுக் காட்டு' என்று பரீட்சை வைக்காதீர்கள். நீங்கள் பேசும்போது நீங்களே தொட்டுத் தொட்டுப் பேசுங்கள். 'இன்னும் வேணுமா?' என்று கேட்டுக்கொண்டே 'இன்னும்' படத்தைத் தொடுங்கள். பிறந்த குழந்தையிடம் மாதக்கணக்கில் பேசிய பிறகுதானே அது பதில் பேச ஆரம்பிக்கிறது? இதற்கும் அதே பொறுமைதான். குறும்பு செய்ததற்குத் தண்டனையாகப் பலகையைப் பிடுங்கி வைப்பது, வாயைக் கட்டுவதற்குச் சமம்.

படங்களுக்குச் செலவே வேண்டாம். ஸ்பெயினின் அரகோன் மாகாண அரசு நடத்தும் அராசாக் தளத்தில் ஆயிரக்கணக்கான படக்குறிகளை இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம், வணிகத்துக்கு மட்டும் பயன்படுத்தக் கூடாது. படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசும் செயலிகளும் உண்டு. சீபோர்டு என்ற செயலி இலவசம். அவாஸ் செயலியில் தமிழும் உண்டு, அது கட்டணம் கேட்கும். முதலில் தாளில் அச்சிட்ட பலகையில் குழந்தைக்குப் பிடிப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் டேப்லெட்டுக்குப் போகலாம். போன பின்னும் தாள் பலகையைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்கு சார்ஜ் தீராது.

7. காதும் கண்ணும்

காது மெஷின் வாங்கியதோடு வேலை முடியாது. குழந்தையின் காது வளர வளர காதுக்குள் பொருந்தும் அச்சை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீச்சென்று சத்தம் போடும். தினமும் காலையில், காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சு கற்பிப்பதில் வல்லுநரான டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனையைச் செய்யுங்கள்: குழந்தை உங்கள் உதட்டைப் பார்க்காதபடி பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். நேற்று கேட்ட ஒலி இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரி, அச்சு, சளி என்று வரிசையாகப் பாருங்கள். பேட்டரி மூடிக்குப் பூட்டு உள்ள மாடல் நல்லது. பட்டன் பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம், நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பார்வைக் குறைவுக்கு முதல் மருந்து வெளிச்சமும் நிற வேறுபாடும். கறுப்புத் துணி விரித்து அதன்மேல் மஞ்சள் பொம்மை ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். கண் நன்றாக இருந்தும் மூளையில் பார்வை பதியாத குழந்தைகளுக்குப் பொருட்கள் குவிந்த அலமாரி வெறும் இரைச்சல், ஒற்றைப் பொருள்தான் தெரியும். பெரிய குழந்தைகளுக்கு, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வசதி ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற பெயரில் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கணினியில் இதே வேலையைச் செய்யும் என்விடிஏ இலவசம். 2013ல் உருவான மரகேஷ் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில், பார்வையில்லாதவர்களுக்காக ஒரு நூலை பிரெயிலிலோ ஒலியிலோ மாற்றப் பதிப்பாளரிடம் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. பாடப்புத்தகம் கேட்கும்போது பள்ளியில் இதைச் சொல்லலாம்.

8. விளையாட்டு

கை சரியாக இயங்காத குழந்தைக்கு ஒரே ஒரு பெரிய பட்டன் போதும். தலையால், முழங்கையால், காலால் எதனால் அழுத்தினாலும் பொம்மை ஓடும். இப்படிப்பட்ட ஸ்விட்சுகள் பெரும்பாலும் பழைய ஹெட்போன் போன்ற 3.5 மி.மீ. பின்னில்தான் வேலை செய்கின்றன. சாதாரண பேட்டரி பொம்மையின் பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவே செருகும் மெல்லிய செப்புத் தகடு ஒன்று உண்டு, அதை ஸ்விட்சோடு இணைத்தால் பல சாதாரண பொம்மைகளும் இவர்களுடையதாகிவிடும். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த கல்லூரி மாணவரிடம் கேட்டால் ஆசையாகச் செய்து தருவார். மேக்கர்ஸ் மேக்கிங் சேஞ்ச் என்ற கனடா அமைப்பு வரைபடங்களை இலவசமாகத் தருகிறது.

தான் அழுத்தியதால்தான் அது நடந்தது என்று குழந்தைக்குப் புரிவதுதான் இதில் பெரிய விஷயம். பேச்சு ஆப், வீல்சேர் ஜாய்ஸ்டிக் எல்லாம் அதன் தொடர்ச்சி. பிசியோ பயிற்சிகளைவிட விளையாட்டு இரண்டாம்பட்சம் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

9. அமைதியும் பாதுகாப்பும்

சத்தம் தாங்காத குழந்தைக்குக் காதுமூடி நல்ல முதலீடு. நாள் முழுக்க மாட்டி வைக்காமல் கூட்டம், விழா, பயணம் என்று தேவைப்படும் நேரத்துக்கு மட்டும். உள்ளே எடை வைத்துத் தைத்த எடைப் போர்வையைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். 2014ல் வெளியான ஆய்வு ஒன்றில் ஆட்டிசக் குழந்தைகளின் தூக்கம் அதனால் கூடவில்லை, ஆனால் குழந்தைகளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், தானே விலக்கத் தெரியாத குழந்தைக்கும் கைக்குழந்தைக்கும் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சொல்லாமல் வெளியே ஓடும் குழந்தை என்றால் கதவு திறந்தால் ஒலிக்கும் மணி, எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள், கையில் உங்கள் எண் உள்ள பட்டை மூன்றும் உடனே தேவை. காணாமல் போனால் முதலில் பக்கத்திலுள்ள நீர்நிலைகளைப் பாருங்கள். பல ஆட்டிசக் குழந்தைகளுக்குத் தண்ணீர் மீது ஈர்ப்பு அதிகம்.

10. வாங்கவே கூடாதவை

சக்கரம் வைத்த பேபி வாக்கர் நடக்கக் கற்றுத் தராது, கவிழும். கனடா 2004ல் அதன் விற்பனையையே தடை செய்தது. பிசியோதெரபிஸ்ட் சொல்லும் வாக்கர் வேறு, இது வேறு. ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று விற்கப்படும் குளோரின் டையாக்சைடு சொட்டு மருந்து உண்மையில் ப்ளீச், 2019ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைக் குடிக்கக் கூடாது என்று எச்சரித்தது. உடம்பிலிருந்து உலோகத்தை எடுப்பதாகச் சொல்லும் கீலேஷன் சிகிச்சையில் 2005ல் அங்கே ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்திருக்கிறான். ஆட்டிசத்துக்கு ஆக்சிஜன் அறை, ஸ்டெம் செல் ஊசி என்று பேச்சு வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். குழந்தையின் கையை இன்னொருவர் பிடித்து எழுத்துப் பலகையில் தட்டவைத்து 'குழந்தையே எழுதுகிறது' என்பதையும் நம்ப வேண்டாம். பிடித்தவரின் மனதில் உள்ளதுதான் எழுத்தாக வருகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன.

11. காசுக்கும் கற்பதற்கும் எங்கே போவது

சான்றிதழ் கிடைத்ததும் அரசுத் திட்டங்கள், பயணச் சலுகை, பள்ளி உதவி எவையெவை என்று ஒரே மூச்சில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு அலுவலகத்தில் இல்லை என்றால் எழுத்தில் பதில் கேளுங்கள், பல நேரம் 'இல்லை' என்பது அத்தோடு மாறிவிடும். 2006ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, தரமான நடமாட்ட உதவிப் பொருட்கள் கட்டுப்படியாகும் செலவில் கிடைக்க வழிசெய்யும்படி அரசுகளிடம் சொல்கிறது. விண்ணப்பத்தில் அந்த வரியைச் சேர்த்துப் பாருங்கள்.

கற்றுக்கொள்ள உலக சுகாதார நிறுவனத்தின் பெற்றோர் பயிற்சி இருக்கிறது. 2 முதல் 9 வயதுவரை வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கானது, 9 கூட்டங்களும் 3 வீட்டு வருகைகளும் கொண்டது. இணையத்திலும் படிக்கலாம். விளையாட்டையும் அன்றாட வேலைகளையும் வைத்தே சொல்லித் தருகிறார்கள், விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவைப்படாது.

இவற்றோடு, உங்களுக்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய பெற்றோர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். எந்த வீல்சேரின் சக்கரம் சீக்கிரம் தேயும், எந்த டாக்டர் காதுகொடுத்துக் கேட்பார், சான்றிதழ் அலுவலகத்துக்கு எந்தக் கிழமை போகலாம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் வீட்டில் சின்னதாகிப்போன நாற்காலி ஒன்று சும்மா கிடக்கவும் வாய்ப்புண்டு. இரவல் வாங்கினால் திருகாணி, பெல்ட், சக்கரம் மூன்றையும் ஆட்டிப் பார்த்து, உங்கள் குழந்தையின் அளவுக்குத் தெரபிஸ்டை வைத்து மாற்றிய பிறகே உட்கார வையுங்கள். நீங்கள் கொடுக்கும் முறை வரும்போது துவைத்து, நைந்த பெல்ட்டை மாற்றி, எந்த அளவுக் குழந்தைக்குப் பொருந்தும் என்று ஒரு சீட்டும் எழுதி ஒட்டிக் கொடுங்கள். காது மெஷினும் காலிப்பரும் மட்டும் கைமாறக் கூடாது. ஒரு குழந்தைக்கென்று செய்த அச்சு இன்னொரு குழந்தைக்குப் பொருந்தாது, மெஷினைக் கொடுத்தே ஆக வேண்டுமானால் ஆடியாலஜிஸ்ட் வழியாக மறுபடி அளவமைத்துக் கொடுங்கள்.